தலைமையின் மனநிலையும் தொழிலகத்தின் செயல்திறனும்

புனே நகரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் சாலையில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே அமைந்துள்ளது கசார்வாடி. லோணாவளா செல்லும் புறநகர் ரயில்கள் நின்று செல்லும் நிலையம் ஒன்று இங்கு உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் மெட்ரோ ரயிலும் இவ்வழியே ஓடுகிறது. நாசிக் செல்லும் சாலை பிரியும் சந்திப்பு இதன் அருகிலேயே உள்ளது. விடுதலைக்குப் பின் இந்தியா கண்ட தொழில் வளர்ச்சியின் வரலாற்றை ஒரே சாலையில் படிக்க விரும்புவோர் இவ்வட்டாரத்திற்கு வந்தால் போதும். 1954இல் பொதுத்துறையில் தோன்றிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் பிம்ப்ரியில் அமைந்தது. அறுபதுகளில் டெல்கோ நிறுவனத்தின் புனே ஆலை எழுந்தது. ஆக்கூர்டியில் பஜாஜ் ஆட்டோவும், சிஞ்ச்வாடில் பல பொறியியல் நிறுவனங்களும் தோன்றின. நீராவிச் சாதனங்களுக்குப் பெயர் பெற்ற ஃபோர்ப்ஸ் மார்ஷல் நிறுவனம் கசார்வாடியிலேயே உள்ளது. 1962இல் நிறுவப்பட்ட மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் போசரியில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. இவ்வூர்களை இணைத்து 1982இல் பிம்ப்ரி–சிஞ்ச்வாட் மாநகராட்சி உருவாயிற்று.

இத்தகைய வட்டாரங்களின் வளர்ச்சியை மதிப்பிடும்போது முதலீடு, மின்சாரம், மூலப்பொருள், இயந்திரத்திறன், பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகியவற்றைக் கணக்கிடுவது வழக்கம். இவை அனைத்தும் ஒன்றுபோல் அமைந்த இரு தொழிற்கூடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் பணி தடையின்றி நடப்பதையும், மற்றதில் கழிவும் விடுப்பும் பூசலும் மிகுந்திருப்பதையும் காணலாம். இவ்வேறுபாட்டிற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. பணியை நடத்துபவரின் மனநிலையே அது. அவருடைய சினம், அச்சம், பொறுமை, மகிழ்ச்சி, ஐயம் ஆகியவை அவருடைய அறையோடு நின்றுவிடுவதில்லை. கீழே பணிபுரிவோர் எவ்வளவு ஈடுபாட்டுடன் உழைக்கிறார்கள் என்பதையும், அதைவிட முக்கியமாக, எதை மேலே சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

மெய்ப்பாடும் அதன் பரவலும்

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டே தீரும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டிற்கென ஓர் இயலையே ஒதுக்கி, அதனை எட்டு வகையாகப் பிரித்துள்ளது. இலக்கியத்திற்காக வகுக்கப்பட்ட அப்பகுப்பு தொழிற்கூடத்திற்கும் பொருந்தும். அச்சம், வெகுளி, இழிவுபடுத்தப்பட்டோர் உணரும் இளிவரல், திறமையால் எழும் பெருமிதம் ஆகிய நான்கையும் எந்த ஆலையிலும் எந்த அலுவலகத்திலும் ஒரே நாளில் காணலாம். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் ஒன்றாகக் கல்வியைத் தொல்காப்பியர் குறிப்பிட்டிருப்பது சிந்தனைக்குரியது. தான் கற்ற தொழிலைத் திறம்படச் செய்யும் கடைசல் தொழிலாளியின் பெருமிதத்தைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அவருடைய மேற்பார்வையாளரின் கையில் உள்ளன.

அமெரிக்க உளவியல் அறிஞர் எலைன் ஹாட்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உணர்ச்சித் தொற்று என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்தனர். உடனிருப்பவரின் முகக்குறிப்பு, குரல், உடலசைவு ஆகியவற்றை மனிதர் தம்மையறியாமலே பின்பற்றுகின்றனர். அதன் வழியே அவருடைய உணர்ச்சியையும் ஓரளவு ஏற்றுக்கொள்கின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. குழுவில் உள்ள எவரிடமிருந்தும் இத்தொற்று பரவக்கூடும். ஆயினும் தலைவரிடமிருந்து பரவுவது மிகுதி. ஊதிய உயர்வு, இடமாற்றம், விடுப்பு, பணிமதிப்பீடு ஆகியவை அவருடைய கையில் இருப்பதால் அனைவரும் அவருடைய முகத்தையே உற்று நோக்குகின்றனர். காலையில் அலுவலகத்தில் நுழைவோர், "இன்று ஐயா எப்படி இருக்கிறார்?" என்று கடைநிலை ஊழியரைக் கேட்டுக்கொண்டே உள்ளே செல்வது இந்தியா முழுவதும் வழங்கும் பழக்கம். இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அன்று எந்தக் கோப்பு மேசைக்குப் போகும், எது நாளைக்கு ஒதுக்கப்படும் என்பது முடிவாகிறது.

2005இல் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சோதனை முறையில் காட்டியது. தாமஸ் சை, ஸ்டெஃபான் கோட்டே, ரிச்சர்ட் சாவெத்ரா ஆகிய மூவரும் குழுத்தலைவர்களை இரு வகையாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நல்ல மனநிலையையும் மற்றவர்க்குத் தாழ்ந்த மனநிலையையும் ஊட்டி, பின்னர் குழுப்பணியில் ஈடுபடுத்தினர். தலைவரின் மனநிலை உறுப்பினரிடம் பரவியது. நல்ல மனநிலையில் இருந்தவரின் குழுவில் ஒருங்கிணைப்பு மேம்பட்டிருந்தது. தாழ்ந்த மனநிலையில் இருந்தவரின் குழுவினரோ கூடுதல் முயற்சி செலுத்தினர். இப்பிற்பகுதி கவனத்திற்குரியது. கடுகடுப்பான அதிகாரியின் கீழ் ஊழியர் ஓடியாடி உழைப்பது போல் தோன்றுவது பொய்த்தோற்றமன்று. அவர்கள் உண்மையிலேயே கூடுதலாக முயல்கின்றனர். ஆனால் கைகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. கடுமையினால்தான் வேலை நடக்கிறது என்று பல நிர்வாகிகள் நம்புவதற்கு இத்தோற்றமே காரணமாகிறது.

ஹாதார்ன் ஆய்வுகளின் படிப்பினை

பணியாளரின் உணர்ச்சி நிலை உற்பத்தியைப் பாதிக்கும் என்னும் எண்ணம் தொழில் உலகில் வேரூன்றியது சிகாகோ அருகிலுள்ள ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளால்தான். தொலைபேசிக் கருவிகள் செய்யும் அவ்வாலையில் ஒளியின் அளவுக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறியவே முதலில் முற்பட்டனர். பின்னர் ஒரு தனியறையில் சில பெண் தொழிலாளரை அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் பணி நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி பொதுவாக உயர்ந்தே சென்றது. கெடுபிடி செய்யும் மேற்பார்வையாளர் இல்லாமை, தம் கருத்தைக் கேட்போர் இருத்தல் ஆகியவையே இதற்குக் காரணம் என எல்டன் மேயோவும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கினர். 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 தொழிலாளரை நேர்கண்டு அவர்களுடைய மனக்குறைகளைக் கேட்டறிந்தனர்.

இவ்வாய்வு பாடநூல்களில் போற்றப்படும் அளவுக்குக் குறையற்றதன்று என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அதிகம் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு பெண்கள் 1928இல் அவ்வறையிலிருந்து விலக்கப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். அச்சிறு குழுவின் உற்பத்திக்கேற்ப ஊதியம் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. ஆகவே உற்பத்தி உயர்வில் அன்பான மேற்பார்வையின் பங்கு எவ்வளவு, ஊதியத்தின் பங்கு எவ்வளவு என்னும் வாதம் இன்றளவும் ஓயவில்லை. உணர்ச்சியின் ஆற்றலை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில் அதனைக் கூலிக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையும் அவ்வாலையிலிருந்தே கிடைக்கிறது.

அச்சம் அடைக்கும் வழி

தலைவரின் சினத்தால் விளையும் கேடுகளுள் பெரியது மனவருத்தமன்று, செய்தித் தடையே. ஏமி எட்மண்ட்சன் என்னும் அறிஞர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக அமைந்தது. அப்பிரிவுகளிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது விளக்கம் கிடைத்தது. அங்கு செவிலியர் அஞ்சாமல் பிழையைச் சொன்னார்கள். தலைவர் கடுமையானவராக இருந்த பிரிவுகளில் மறைத்தார்கள். பிழையற்றதாகத் தோன்றும் ஏடு எப்போதும் நற்சான்றாகாது என்பதை நிர்வாகத்தில் இருப்போர் மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்வுண்மையை வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரங்களில் விரல் இழப்பது இந்தியாவின் வாகனத் தொழில் வட்டாரங்கள் பலவற்றில் நீண்டகாலமாக நிலவிவரும் துயரம். கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் இறங்காமல் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு சரிவர இயங்கவில்லை என்பதை முதலில் அறிபவர் அதனை இயக்கும் தொழிலாளியே. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னால் அன்றைய எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் மேற்பார்வையாளர் எரிந்து விழுவார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் மறுநாள் வேலையே இல்லாது போகலாம். இவ்வாறு எண்ணி அவர் வாய் திறவாமல் இருந்துவிட்டால், அதன் விலை அவருடைய விரலாக இருக்கக்கூடும். மேற்பார்வையாளர் எவரையும் கை ஓங்கியிருக்க வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை குறை சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் ஏளனம் செய்திருந்தால் போதும். ஆகவே தலைவரின் மனநிலை என்பது நயத்தக்க நாகரிகம் பற்றிய செய்தி மட்டுமன்று, தொழிற்பாதுகாப்பைச் சார்ந்ததுமாகும்.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. பிறர் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தலைக் கூறும் வெருவந்த செய்யாமை 57ஆம் அதிகாரம். அடுத்து வருவது கண்ணோட்டம். அதன் பின்னர் ஒற்றாடல். அதனைத் தொடர்ந்து ஊக்கமுடைமை. அச்சுறுத்தாத தலைவனிடம் மக்கள் தாமாகவே வந்து சொல்வார்கள். அவ்வாறு சொல்வோரை இழந்தவனுக்கு ஒற்றர்களைத் தவிர வேறு கண் இராது. அலுவலகங்களில் கோள் சொல்வோர் செல்வாக்குப் பெறுவதும் பெரும்பாலும் இக்காரணத்தினால்தான்.

இவ்வட்டாரத்தின் இரு நிகழ்ச்சிகள்

பிம்ப்ரி–சிஞ்ச்வாட் தொழில் வட்டாரத்தின் வரலாற்றிலிருந்தே இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது டெல்கோ ஆலையில் 1988–89இல் எழுந்த போராட்டம். சுமந்த் மூல்காவ்கரின் தலைமையில் வளர்ந்த அவ்வாலை, தொழிற்பயிற்சிக்கும் தரத்திற்கும் பெயர் பெற்றது. ஊதியத்திலும் வட்டாரத்தின் பிற ஆலைகளுக்குப் பின்தங்கியதன்று. 1988இன் இறுதியில் ரத்தன் டாட்டா அந்நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்திலேயே, பணியிலிருந்து நீக்கப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் ராஜன் நாயருக்கும் நிர்வாகத்திற்கும் இடையே மோதல் முற்றியது. 1989 செப்டம்பரில் பெருந்திரளான தொழிலாளர்கள் புனே சனிவார் வாடா முன்பு உண்ணாநோன்பில் அமர்ந்தனர். இறுதியில் காவல்துறை இரவில் அவர்களை அப்புறப்படுத்தியது. போராட்டம் முடிவுக்கு வந்தது.

இதில் எவர் பக்கம் நியாயம் இருந்தது என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. பணத்தைப் பற்றிய வழக்காகத் தொடங்கும் ஒன்று மதிப்பைப் பற்றிய வழக்காக எவ்வாறு மாறுகிறது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தொழிலாளருக்குச் செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்துவிட்டதாக நிர்வாகம் எண்ணிக்கொண்டது. அவர்களைத் தம்மோடு எப்போதும் இருப்பவர்கள் என்று பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது என்ற கருத்தை ரத்தன் டாட்டா பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். மனிதர்களை வழிநடத்த விரும்புவோர் அன்பினால் வழிநடத்த வேண்டும் என்பது ஜே. ஆர். டி. டாட்டா வலியுறுத்திவந்த கொள்கை. அதே குழுமத்தின் ஆலையிலேயே இவ்விடைவெளி தோன்றியது. மேலிடத்தில் உள்ள நல்லெண்ணம் நடுநிலை மேலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் கடந்து தொழிற்கூடத் தளத்தைச் சென்றடைவது தானாக நிகழ்வதன்று என்பதே இதன் படிப்பினை.

இரண்டாவது நிகழ்ச்சி தெர்மாக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்தது. கொதிகலன்களும் எரிசக்திச் சாதனங்களும் செய்யும் இந்நிறுவனத்தின் தலைவர் ரோஹின்டன் ஆகா 1996இல் மாரடைப்பால் காலமானார். மனிதவளப் பிரிவை நடத்திவந்த அவருடைய மனைவி அனு ஆகா உடனே தலைமைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே சாலை விபத்தில் அவர் மகனையும் இழந்தார். கணவரோடு தம்மை ஒப்பிட்டுத் தமக்குத் தகுதி உண்டா என்று ஐயுற்றதையும், விபாசனா தியானப் பயிற்சி தம்மை நிலைநிறுத்தியதையும் அவர் பின்னர் பலமுறை பொதுமேடைகளில் மனந்திறந்து பேசியுள்ளார்.

அக்காலத்தில் நிறுவனத்தின் நிலையும் சரிந்தது. ஒரு காலத்தில் 400 ரூபாய் அளவில் விற்ற பங்கு 36 ரூபாய்க்கு இறங்கியது. தங்களைக் கைவிட்டுவிட்டதாக வருந்தி, பெயர் குறிப்பிடாத பங்குதாரர் ஒருவர் எழுதிய கடிதம் அவரை உலுக்கியது. அதுவரை சந்தை நிலையின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த மனப்போக்கை விட்டு, வெளி ஆலோசகர்களை அழைத்தார். இயக்குநர் குழுவைத் திருத்தி அமைத்தார். தம் குடும்பத்தினரும் அக்குழுவிலிருந்து விலக நேர்ந்தது. நிறுவனம் மீண்டெழுந்தது. 2004இல் தலைமைப் பொறுப்பைத் தம் மகள் மெஹர் புதும்ஜியிடம் ஒப்படைத்து அவர் விலகினார்.

இந்நிகழ்ச்சியை உணர்ச்சிவயமான கதையாக மட்டும் கொள்ளுதல் தவறு. தலைவருக்குத் துயரம் நேர்வதும் தன்னம்பிக்கை குன்றுவதும் இயல்பு. அவற்றை இல்லாதவைபோல் மறைத்து நடந்தால், காரணம் தெரியாத தயக்கம் நிறுவனம் முழுவதும் பரவுகிறது, முடிவுகள் தள்ளிப்போகின்றன. தம் நிலையைத் தாமே அறிந்து ஒப்புக்கொண்டவர் பிறருடைய உதவியை நாட முடிகிறது. ஒரு கடிதத்தின் கசப்பான சொற்களைக் காதில் வாங்கும் மனவலிமையும் அவருக்கே வாய்க்கிறது. இரக்கமும் கண்டிப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதையும் தெர்மாக்ஸின் மீட்சி காட்டுகிறது. இயக்குநர் குழுவை மாற்றியமைத்த முடிவு எளிதான ஒன்றாக இருந்திருக்க முடியாது.

தோல்வியைத் தாங்கும் தோள்

தலைவரின் மனநிலை கடுமையாகச் சோதிக்கப்படுவது தோல்வியின்போது. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.–3 ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன், செய்தியாளர்களைத் தாமே எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றார். தம் குழுவினர்மீது தமக்குள்ள நம்பிக்கையையும் வெளியிட்டார். 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளை அதே வகை ராக்கெட் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர் கூட்டத்தை நடத்தும்படி கலாமைப் பணித்தார்.

இந்நிகழ்ச்சி பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நிர்வாக நோக்கில் அதன் பயன் வேறொன்று. பழி யார்மேல் விழும் என்னும் அச்சம் நீங்கியதால், எது பழுதுற்றது என்பதைக் குழுவினர் வெளிப்படையாக ஆராய முடிந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவு கண்டறியப்பட்டது; ஓராண்டுக்குள் திருத்தமும் நிறைவேறியது. தோல்வியுற்ற மறுநாளே குற்றவாளியைத் தேடும் அலுவலகத்தில், ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளும் குறிப்புகளை எழுதுவதிலேயே காலம் கழிந்துபோகும்.

உணர்ச்சி மட்டும் போதுமா?

இவ்வளவும் கூறியபின் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். புன்னகை பூத்த மேலாளர் ஒருவரை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஆமதாபாத் காலிகோ ஆலையில் 1953இல் தொடங்கிய சோதனை இதற்குச் சான்று. அங்குத் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த உற்பத்தி உயரவில்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, எவர் எவருக்குப் பொறுப்பு என்பதே குழம்பியிருந்தது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸின் ஆலோசனையின் பேரில், சில தறிகளுக்கு ஒரு குழு என்ற முறையில் பணி மாற்றியமைக்கப்பட்டது. தொழிலாளரே ஆர்வத்துடன் தங்களுக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி பெருகியது, சேதம் குறைந்தது. மனநிலையை மாற்றுமாறு எவரும் அங்கு உபதேசிக்கவில்லை. பணியின் அமைப்பு மாறியது. மனநிலை தானே மாறியது.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. முறையான ஊதியமும் நிலையான பணியும் தெளிவான பொறுப்பும் இல்லாத இடத்தில் தலைவரின் இன்சொல் ஏமாற்றாகவே கருதப்படும். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே தளத்தில் ஒரே வேலையை வெவ்வேறு கூலிக்குச் செய்யும்போது, அவ்விருவரின் ஈடுபாட்டையும் கனிவான பேச்சினால் சமப்படுத்த இயலாது. மனநிலை விதை என்றால் நியாயமான ஏற்பாடு நிலம்.

வெறும் கனிவு போதாது என்பதை இந்திய உளவியலறிஞர் ஜெய் பி. பி. சின்ஹாவும் வேறொரு வகையில் காட்டினார். பாட்னாவிலிருந்து பணியாற்றிய அவர், மேலைநாட்டுக் கோட்பாடுகள் இந்தியப் பணியிடங்களுக்கு அப்படியே பொருந்தா எனக் கண்டு, பேணி வளர்க்கும் பணித்தலைவர் என்னும் கருத்தை 1980இல் நூலாக வெளியிட்டார். இத்தகைய தலைவர் கீழுள்ளோரிடம் பரிவு காட்டுவார். ஆனால் அப்பரிவு பணி நிறைவேற்றத்தைச் சார்ந்தது. உழைப்போருக்கே அது உரியது. பணியாளர் முதிர்ச்சி பெறப் பெற, தலைவர் தம் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அவர்களைப் பங்காளிகளாக்குவார். வேண்டியவருக்குச் சலுகையும் வேண்டாதவருக்குச் சினமும் வழங்கும் பழைய ஆண்டான் முறையிலிருந்து இது முற்றிலும் வேறானது.

அரசு அலுவலகங்களில்

அரசுப் பணியில் தலைவரின் மனநிலை பொதுமக்களையே சென்றடைகிறது. போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலையில் வண்டியை எடுக்க வரும் ஓட்டுநரும் நடத்துநரும், பழைய ஒரு புகாருக்காகக் கிளை மேலாளரிடம் பலர் அறியக் கடிந்துரைக்கப்படுகின்றனர். பதில் சொல்ல வழியில்லை. அச்சினத்தை முதலில் பெறுபவர் சில்லறை இல்லாத பயணியாக இருப்பார். அடுத்து, நிறுத்தத்தில் கை காட்டியும் வண்டி நிற்காமல் போவதைக் காணும் மூதாட்டி. பணியின் பொருட்டு முகத்தில் மலர்ச்சியைத் தாங்கி நிற்பதும் ஓர் உழைப்பே என்று அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதினார். நடத்துநரும் செவிலியரும் வட்டாட்சியர் அலுவலக எழுத்தரும் நாள்தோறும் இவ்வுழைப்பைச் செய்கின்றனர். அதற்குரிய வலுவை அவர்கள் பெறுவது தம் மேலதிகாரியின் நடத்தையிலிருந்துதான்.

இதனை அரசுகள் உணராமலில்லை. தமிழ்நாடு காவல்துறை பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018இல் காவலர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. மத்திய அரசு 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம், விதிகளை அறிந்திருப்பதோடு நடத்தைத் திறன்களையும் அரசு ஊழியருக்கு வேண்டிய தகுதியாகக் கொள்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கீழ்நிலையில் உள்ளவருக்கு மனஅழுத்தத்தைத் தாங்கும் பயிற்சியை மட்டும் அளித்து, அழுத்தத்தை உண்டாக்கும் மேலதிகாரியை அப்படியே விட்டுவிடுதல் பாதி மருத்துவமே ஆகும்.

செய்யத்தக்கவை

மனநிலையைச் சட்டத்தால் மாற்ற இயலாது. ஆனால் பழக்கத்தால் ஒழுங்குபடுத்த இயலும். கண்டிக்க வேண்டியதைத் தனியறையில் கண்டித்தலும், பாராட்ட வேண்டியதைப் பலர் முன்னிலையில் பாராட்டலும் அவற்றுள் முதன்மையானவை. கண்டிக்கும்போது செயலைப் பேச வேண்டுமேயன்றி ஆளையோ, ஊரையோ, பிறப்பையோ பேசலாகாது. சினம் மூண்ட நேரத்தில் குறிப்பாணை எழுதாமல் ஓரிரவு பொறுத்தால் பல வழக்குகள் எழா.

கெட்ட செய்தி கொண்டுவருவோருக்கு முதலில் நன்றி கூறிப் பின்னரே வினாக்களைத் தொடுத்தல் மற்றொரு பழக்கம். தவறு செய்ததையும் தவறை மறைத்ததையும் வெவ்வேறாக நடத்தி, மறைத்தலுக்கே கடுந்தண்டனை என்பதை அனைவரும் அறியச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு வேளையேனும் தொழிற்கூடத் தளத்திலோ, கிளை அலுவலகத்திலோ முன்னறிவிப்பின்றிச் சென்று, குற்றம் காணும் நோக்கமின்றிக் கேட்டறிதல் பயன் தரும். மேற்பார்வையாளர் பதவிக்கு ஒருவரை உயர்த்தும்போது, அவருடைய தொழில் திறமையோடு, அவருக்குக் கீழே இருந்தோர் எவ்வளவு பேர் விலகினர், எவ்வளவு பேர் இடமாற்றம் கேட்டனர் என்பதையும் பார்க்கலாம். திறமையான தொழிலாளி திறமையான மேற்பார்வையாளராக ஆவது தானே நிகழ்வதன்று.

தலைவர்களும் மனிதர்களே. அவர்களுக்கும் மேலே ஒருவர் உண்டு. இலக்கும் கெடுவும் உண்டு. மேலிருந்து வரும் நெருக்கடியை அப்படியே கீழே இறக்கிவிடாமல், இயன்ற அளவு தம்மிடம் தாங்கி, செய்ய வேண்டிய பணியை மட்டும் தெளிவாகக் கீழே அனுப்புவது கடினமான தொண்டு. ஊதியப் பட்டியலில் அதற்குத் தனிப்படி கிடையாது. ஆயினும் நாளை மேற்பார்வையாளராகவும் அதிகாரியாகவும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்கள் முதலில் கற்க வேண்டிய தொழில்நுட்பம் இதுவே. ஓர் அலுவலகத்தில் பணி எவ்வாறு நடக்கிறது என்பதை அறிய அதன் ஏடுகளைப் புரட்டுவதோடு, அங்குள்ள இளநிலை ஊழியர் ஒருவர் தம் பிழையை யாரிடம், எவ்வளவு விரைவில் சொல்கிறார் என்பதையும் கேட்டறிந்தால், அதன் தலைமையைப் பற்றிய சரியான மதிப்பீடு கிடைத்துவிடும்.